பத்துக்குப் பத்து அறையில் பேஸ்

"பேஸ் எப்படி இருக்கும்?" சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஸ்பீக்கர் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுவார், நெஞ்சில் அதிர்வு தெரியும், வாங்கிக்கொண்டு வருவோம். வீட்டுப் படுக்கையறையில் வைத்ததும் அதே ஸ்பீக்கர் வேறு மாதிரி ஒலிக்கும். ஒரு பாட்டில் காதை அடைக்கிற மாதிரி கும்மென்று இருக்கும், அடுத்த பாட்டில் பேஸே காணாமல் போகும். தாழ்ந்த ஒலியில் பெட்டி பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதியைச் செய்வது அறை. இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், குறைந்த பட்ஜெட்டிலேயே நல்ல பேஸ் கேட்க முடியும்.

முதலில் பெட்டி. பேஸ் என்று நாம் சொல்வது ஏறக்குறைய 20 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையான, அதாவது நொடிக்கு அத்தனை முறை அதிரும் ஒலி. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும். அந்த ஒலியை எழுப்ப வூஃபரின், அதாவது பெட்டியில் பேஸ் தரும் பெரிய வட்டப் பகுதியின், கூம்பு காற்றை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். சீட்டுக்கட்டுச் சீட்டால் மெதுவாக விசிறினால் காற்று வராது. பனையோலை விசிறியாக இருந்தால் மெதுவாக அசைத்தாலும் வரும். கூம்பின் கதையும் அப்படித்தான். அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்தைத் தர கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தது, 40 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர் அசைய வேண்டியிருக்கும். சின்ன வூஃபரால் அவ்வளவு தூரம் ஓட முடியாது. பரப்பைக் கூட்டுவதுதான் நேர்வழி: நான்கு அங்குல வூஃபரைவிட ஆறரை அங்குல வூஃபருக்குப் பரப்பு இரண்டரை மடங்குக்கு மேல். பிரிசோனஸ் நிறுவனத்தின் எரிஸ் ஸ்பீக்கர் வரிசையைப் பாருங்கள். மூன்றரை அங்குல மாடல் 80 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்கிறது நிறுவனம், ஐந்தேகால் அங்குல இ5 மாடலுக்கு 53 என்கிறது.

கூம்பு முன்னால் காற்றை அழுத்தும்போது பின்னால் அதே அளவு தளர்த்துகிறது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டி இல்லாத வூஃபரில் பேஸ் வராததற்கு அதுதான் காரணம். பின்பக்க ஒலியை அடைத்து வைக்கப் பெட்டி வேண்டும். ஆனால் சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி கூம்பை எதிர்க்கும். அதனால் ஒரு காலத்தில் நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வைக்க வேண்டியிருந்தது. 1954-இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் இந்த எதிர்ப்பையே பயன்படுத்திக்கொண்டார். கூம்பைத் தாங்கும் விளிம்பை மிகவும் தளர்வாக்கி, அதைத் திரும்ப இழுக்கும் வேலையை அடைபட்ட காற்றிடமே விட்டார். அவருடைய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட ஏஆர்-1, அலமாரியில் வைக்கக்கூடிய அளவில் ஆழமான பேஸ் தந்தது. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்ற வகையே அதற்குப் பிறகுதான் பரவியது.

இன்னொரு வழி துளை. இன்று கடையில் கிடைக்கும் விலை குறைந்த ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை இந்த ரகம். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் எழும் அல்லவா? கழுத்தில் உள்ள காற்றும் உள்ளே உள்ள காற்றும் சேர்ந்து ஒரே அதிர்வெண்ணில் ஆடுகின்றன. பெட்டியில் குழாய் வைத்தால் அதே இயற்பியல்தான். சரியான அளவில் குழாய் அமைத்தால், வூஃபர் தளரும் இடத்தில் குழாய்க் காற்று ஒலியைக் கூட்டும். பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனாலும் குழாயின் நீளத்தையும் பெட்டியின் கன அளவையும் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கும் முறை, ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் எழுதிய கட்டுரையாலும், அப்புறம் ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் செய்த வேலையாலும்தான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அதுவரை பெரும்பாலும் செய்து பார்த்துத் திருத்துவதுதான் வழக்கம்.

துளைக்கும் ஒரு விலை உண்டு. அதன் அதிர்வெண்ணுக்குக் கீழே போனதும் ஒலி செங்குத்தாக விழும். மூடிய பெட்டியில் ஒவ்வொரு முறை அதிர்வெண் பாதியாகும்போதும் ஒலி 12 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைகிறது, துளைப்பெட்டியில் 24.

இதையெல்லாம் சேர்த்து ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஜோசஃப் ஹாஃப்மன் ஒரு விதி சொன்னார்: ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த பவரிலேயே அதிக சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். இயற்பியல் இங்கே யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ் இரண்டையும் தருகிற ஸ்பீக்கர் நிறைய மின்சக்தி கேட்கும், ஒரு எல்லைக்கு மேல் சத்தமும் போகாது. படுக்கையறைக்கு அந்த எல்லை தாராளமாகப் போதும் என்பதால், நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது சத்தத்தைத்தான்.

அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிஎம்பிஓ வாட்ஸ் (கணநேர உச்ச பவர்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம், ஆர்எம்எஸ் வாட்ஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) எவ்வளவு என்று கேளுங்கள். அதுவும் பேஸின் அளவுகோல் கிடையாது. பவரை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். அதைவிட முக்கியமானது, எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்ற எண்ணும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் டெசிபெல் குறிப்பும். ஜேபிஎல் 305பி மார்க் 2 ஸ்பீக்கருக்கு அந்த நிறுவனமே இரண்டு எண்கள் தருகிறது: 3 டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் 49 ஹெர்ட்ஸ், 10 டெசிபெல் விழுந்த இடத்தில் 43 ஹெர்ட்ஸ். ஒரே ஸ்பீக்கர், இரண்டுமே உண்மை. டெசிபெல் குறிப்பே இல்லாமல் "40 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் போட்டிருந்தால், அந்த இடத்தில் ஒலி எவ்வளவு மெலிந்திருக்கும் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

சரி, அறைக்கு வருவோம். நம் ஊர் வெயிலில், அதாவது 30 டிகிரியில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.7 மீட்டர். பத்தடி அறைக்குள் அந்த அலை முழுதாக விரியக்கூட இடமில்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் ஒலி நின்றுகொண்டு ஆட ஆரம்பிக்கும். பத்தடிக்கு அது 57 ஹெர்ட்ஸ், பன்னிரண்டடிக்கு 48. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருந்தால் மூன்று ஆட்டமும் ஒரே 57 ஹெர்ட்ஸில் வந்து குவியும். அந்தச் சுரம் வரும் பாட்டில் அறை அதிரும், பீரோ கதவு கிடுகிடுக்கும், லாஃப்டில் இருக்கும் பாத்திரம்கூட சத்தம் போடும். அமெரிக்க வீடுகளின் மெல்லிய ஜிப்சம் பலகைச் சுவர் பேஸில் கொஞ்சத்தைக் குடித்துவிடும், கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. வெளிநாட்டு விமர்சனத்தில் "பேஸ் கொஞ்சம் குறைவு" என்று படித்த ஸ்பீக்கர் இங்கே போதுமானதாக இருக்க இது ஒரு காரணம்.

இதை நீங்களே கேட்டுப் பார்க்கலாம். போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு, ஸ்பீக்கரில் 57 ஹெர்ட்ஸை மிதமான சத்தத்தில் ஓடவிடுங்கள். அறை நடுவில் நின்றால் ஒலி மெலிந்துவிடும், சுவரோரம் போனால் பெருகும், மூலையில் காதைத் திணறடிக்கும். உங்கள் அறையின் அளவுக்கேற்ப அதிர்வெண்ணைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சுவரை ஒட்டித் தலைவைத்துப் படுத்துக் கேட்கிறவர் அதிக பேஸ் உள்ள இடத்தில்தான் இருக்கிறார். கட்டிலை நகர்த்த முடியாதென்றால் ஸ்பீக்கரை நகர்த்துங்கள். ஓரடி நகர்த்துவதே நன்றாகத் தெரியும்.

சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. கூம்பு சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 87 ஹெர்ட்ஸ் பக்கம் நேர் ஒலியோடு மோதி அதை அழிக்கும். அது பேஸின் நட்டநடு. 35 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அந்தப் பள்ளம் 250 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அதற்குக் கீழே உள்ளதைச் சுவர் பெருக்கித் தரும். சின்ன அறையில் சுவர்ப்பக்கம் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். துளை பின்பக்கம் இருந்தால் ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். அதற்கும் மேல் கும்மென்றால் துளையில் ஒரு காலுறையைச் சுருட்டி அடைத்துப் பாருங்கள், பெட்டி ஏறக்குறைய மூடிய ரகமாகிவிடும். ஸ்பாஞ்சு ஓடுகளைச் சுவரில் ஒட்டிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கே 1.7 மீட்டர், இரண்டு அங்குல ஸ்பாஞ்சு அதை ஒன்றும் செய்யாது.

இன்னொரு விஷயம் நம் காது. 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டியபடி, சத்தம் குறையக் குறைய தாழ்ந்த ஒலிதான் முதலில் நம் காதிலிருந்து நழுவுகிறது. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் எப்படிக் கேட்கிறதோ, அப்படிக் கேட்க 100 ஹெர்ட்ஸுக்கு 60 டெசிபெலுக்கு மேல் வேண்டும். இரவில் மெல்லிய சத்தத்தில் பேஸ் இல்லையே என்று தோன்றுவது இதனால்தான். அந்த நேரத்தில் பேஸ் குமிழை இரண்டு மூன்று புள்ளி ஏற்றுவது முற்றிலும் நியாயம். பேஸ் குமிழோ, மெல்லிய சத்தத்தில் பேஸைக் கூட்டித் தரும் லவுட்னஸ் பொத்தானோ இருக்கும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது படுக்கையறைக்கு நல்லது.

இந்தக் கணக்கெல்லாம் பார்த்தால், பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து அங்குல வூஃபர் உள்ள, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஜோடிதான் காசுக்கு ஏற்றது. 3 டெசிபெல் குறிப்போடு 50, 55 ஹெர்ட்ஸ் வரை இறங்கினால் போதும், அதற்குக் கீழே அறை கைகொடுக்கும். சப்வூஃபரை, அதாவது மிகத் தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கரை, இணைக்கும் அவுட் இருந்தால் இன்னும் நல்லது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று காதால் எளிதில் பிரித்தறிய முடியாது, அதனால் பின்னாளில் வாங்கும் சப்வூஃபரைக் கட்டிலுக்குப் பக்கத்தில்கூட வைக்கலாம். வாங்கியதும் அதைக் கட்டிலில் தலை இருக்கும் இடத்தில் வைத்துப் பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்து ஒவ்வொரு மூலையாகக் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள்.