தரவுத்தள வழங்கி: சொல்லும் பொருளும்

போன வாரம் ஊரிலிருந்து தம்பி ஒருவர் கூப்பிட்டார். பழைய லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு, வீட்டுப் படங்களை வைத்துக்கொள்ள நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புச் சேமிப்புச் செயலியை நிறுவிக்கொண்டிருந்தார். பயனர் பெயர், கடவுச்சொல், டேட்டாபேஸ் பெயர், டேட்டாபேஸ் ஹோஸ்ட் என்று நாலு கட்டங்கள். "அண்ணே, தரவுத்தள சேவையகம் வேணும்னு படிச்சேன், என்கிட்ட இருக்கிறது இந்த ஒரு லேப்டாப்தான், இன்னொண்ணு வாங்கணுமா?" என்றார். வேண்டாம், கடைசிக் கட்டத்தில் லோக்கல்ஹோஸ்ட், அதாவது 'இதே கணினி', என்று இருப்பதை அப்படியே விடுங்கள் என்றேன். அவருக்குக் குழப்பம் வந்தது சேவையகத்தில் இடத்தைக் குறிக்கும் 'அகம்' என்ற ஈற்றிலிருந்துதான்.

டேட்டாபேஸ் சர்வரைத்தான் சிலர் தரவுத்தள சேவையகம் என்றும், சிலர் தரவுத்தள வழங்கி என்றும் சொல்கிறார்கள். அது மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு நிரல். மரியாடிபி என்றால் 3306, போஸ்ட்கிரெஸ் என்றால் 5432 என்று வழக்கமான ஒரு போர்ட்டில், அதாவது எண் போட்ட ஒரு வாசலில், காத்திருக்கும். செயலி கேட்டால் எடுத்துத் தரும். செயலியும் இதுவும் ஒரே கணினியில் ஓடலாம், வீட்டு அளவுக்கு அதுவே போதும்.

சரி, சொல்லுக்கு வருவோம். டேட்டா லத்தீன் சொல், 'தரப்பட்டவை' என்று பொருள், வேர் 'தா' என்கிற வினைதான். நம் தரவும் அதே 'தா'விலிருந்து வந்தது. அதுவும் கணினிக்காகச் செய்த சொல் இல்லை, கலிப்பாவின் முதல் உறுப்புக்கே தரவு என்றுதான் பெயர். இவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பு கலைச்சொற்களில் அபூர்வம். தளம், வீட்டுக்குத் தளம் போடுகிறோமே அதுதான், தரவுகள் நிற்கிற தரை.

சர்வரில்தான் சிக்கல். கணினித் துறைக்கு வருவதற்கு முன்பே, காத்திருப்பதைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டில் இந்தச் சொல் இருந்தது, 1953இல் புள்ளியியலாளர் டேவிட் கெண்டால் எழுதிய கட்டுரையிலும் உண்டு. ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள், உள்ளே நின்று அரிசி அளந்து போடுபவர்தான் அங்கே சர்வர். 1969இல், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பின் ஆர்.எஃப்.சி. என்ற தொழில்நுட்பக் குறிப்புகளில் ஐந்தாவதில் சர்வர்-ஹோஸ்ட் என்று வந்தபோது அது பெரிய கணினியையே குறித்தது, ஆகவே சேவையகம் என்று சொன்னவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. இன்றைக்கும் தரவு மையங்களில் அடுக்கில் இருக்கும் கணினியைச் சொல்லும்போது அது பொருந்தும். ஆனால் டேட்டாபேஸ் சர்வரைச் சேவையகம் என்பது, பந்தியில் பரிமாறுபவரை மண்டபம் என்று கூப்பிடுவது போல.

அதனால்தான் எனக்கு வழங்கி பிடிக்கும். சுமை தாங்குவது சுமைதாங்கி, இடி தாங்குவது இடிதாங்கி, கை காட்டுவது கைகாட்டி, அதே வார்ப்பில் வழங்குவது வழங்கி. செயலைத்தான் சொல்கிறது, இடத்தைச் சொல்வதில்லை. அப்புறம் ஒரு விஷயம், மரியாடிபியில் தரவுத்தளம் உருவாக்கிப் பயனரையும் சேர்த்தபின், அந்தப் பயனருக்கு உரிமை கொடுக்க 'கிராண்ட் ஆல் பிரிவிலேஜஸ்' என்று ஒரு கட்டளை அடிக்கிறோம். கிராண்ட் என்றால் வழங்கு! ஆக, உரிமையை நாம் வழங்குகிறோம், தரவை அது வழங்குகிறது.

வாங்கியதைச் சிதைக்காமல் திருப்பித் தந்தால்தான் அது வழங்கி. இது நமக்கு முக்கியம், ஏனென்றால் எல்லா மொழி எழுத்துகளையும் எழுதும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட் எடுக்கும், தரவுத்தளம் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறியாக்கத்தில் இருந்தால் எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும். மைஎஸ்கியூஎல், அதிலிருந்து பிரிந்த மரியாடிபி இரண்டிலும் வெறும் யுடிஎஃப்8 என்ற பெயரில் நெடுநாளாக இருந்தது 3 பைட் வரைதான் கொள்ளும், தமிழ் தப்பிவிடும், 4 பைட் எமோஜி ஏறாது. தரவுத்தளத்தை உருவாக்கும்போதே, 4 பைட் வரை கொள்ளும் யுடிஎஃப்8எம்பி4 என்று கொடுத்துவிடுங்கள். தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். நெக்ஸ்ட்கிளவுட்டில் படங்கள் வட்டில் இருக்கும், கோப்புறைப் பெயர்கள் தரவுத்தளத்தில் பதிவாகும். அன்று ராத்திரி ஒரு திரைப்பிடிப்பு அனுப்பினார், 'பாட்டி வீட்டுப் பொங்கல்' என்ற கோப்புறை, ஒற்றுகூட விடாமல், பக்கத்தில் ஒரு கரும்பு எமோஜிக்குப் பதிலாக அவர் போட்ட மூங்கில் எமோஜியோடு.