வாசலில்லாத அறைக்குள் இலத்திரன்: குறைந்த காசில் கணினி வாங்குவோருக்கு

“மகளுக்குத் திருகோணமலை கோணேசபுரி பல்கலைக்கழக வளாகம் கிடைத்திருக்கிறது. கையில் இருக்கிற காசுக்குப் புது லப்டொப் எடுப்பதா, பாவித்த டெஸ்க்டொப் எடுப்பதா?” உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு விளம்பரத்தையும் அனுப்பியிருக்கிறார்: புத்தம் புது லப்டொப், செலரோன் என்4020, 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பு, பை இலவசம்.

அந்த லப்டொப் வேண்டாம். அதில் நாலு வருடம் உழைக்கப் போவது பை மட்டும்தான். விண்டோஸ் 11 ஓட இதற்குக் கீழே போகக் கூடாது என்று மைக்ரோசொப்ட் வைத்திருக்கும் அடிமட்ட அளவே 4 ஜி.பி. ராமும் 64 ஜி.பி. சேமிப்பும். விண்டோஸ் ஏறி இரண்டு பெரிய அப்டேட் வந்தால் இடம் முடிந்துவிடும். இந்த ரகத்தில் பெரும்பாலும் ராமும் சேமிப்பும் மதர்போர்டிலேயே ஈயம் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கும். பிறகு கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது.

அந்தக் காசை அலுவலகங்கள் பாவித்துக் கழித்த இயந்திரம் ஒன்றில் போட்டு, அதற்குள் வைக்கப் புது எஸ்.எஸ்.டி (சுற்றும் தட்டுக்குப் பதில் சில்லில் தரவை வைக்கும் சேமிப்பு) ஒன்றைத் தனியாக வாங்குவதுதான் கெட்டித்தனம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல் புரொசெசர் என்றால் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். டெஸ்க்டொப்பில் ஒப்டிபிளெக்ஸ் 3060, எலிட்டெஸ்க் 800 ஜி4 போன்றவை அந்தக் காலத்தவை. லப்டொப்பில் திங்க்பேட் டி480, லட்டிடியூட் 5490. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டி480 அதே கூட்டுக்குள் 7ஆம் தலைமுறையோடும் வந்தது, 8ஆம் தலைமுறையோடும் வந்தது. ஸ்டிக்கரில் இரண்டுமே ஐ5தான். ஆனால் ஐ5-7300யூவில் இருப்பது 2 கோர் (கணக்குப் போடும் மூளை), ஐ5-8250யூவில் இருப்பது 4. கடைக்காரர் “ஐ5 தம்பி” என்றால் போதாது, திரையில் முழு இலக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

இனி எஸ்.எஸ்.டிக்கு வருவோம். ‘கணினி ஸ்லோ, வைரஸ் பிடித்துவிட்டது’ என்று கடைக்கு வரும் பழைய லப்டொப்புகளில் பலவற்றுக்கு ஒரு வைரஸும் இல்லை. உள்ளே ஹார்ட் டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் செக்கனுக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செக்கன். வேண்டிய தரவு, வாசிக்கும் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். ஊசி தடம் மாற இன்னொரு 10, 12 மில்லி செக்கன். ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் துண்டுகளைச் செக்கனுக்கு அறுபது மட்டில்தான் பொறுக்கலாம். கணினி எழும்பும்போது பத்தாயிரம் துண்டு தேவை என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட மூன்று நிமிடம். எஸ்.எஸ்.டிக்கு ஒரு துண்டுக்கு 0.1 மில்லி செக்கன் போதும். அதே பத்தாயிரம் துண்டு ஒரு செக்கனில் வந்து நிற்கும்.

சுற்றுவதற்கும் நகர்வதற்கும் ஒன்றும் இல்லாத அந்தச் சில்லுக்குள் தரவு எப்படித் தங்குகிறது? சிலிக்கனுக்கு மேலே மிகச் சிறிய அறை ஒன்று. நாலு பக்கமும் ஒட்சைட்டுச் சுவர், அதாவது கண்ணாடியின் இனம். வாசல் இல்லை, யன்னல் இல்லை, உள்ளே போக ஒரு கம்பியும் இல்லை. அறைக்குள் இலத்திரன் இருந்தால் ஒரு பெறுமானம், இல்லாவிட்டால் இன்னொன்று. சுவரின் தடிப்பு சுமார் 8 நனோமீற்றர். பாடசாலைப் பௌதிகப்படி இலத்திரன் அதைத் தாண்டவே கூடாது. குவாண்டம் பௌதிகம் “சுவர் மெலிதென்றால் ஊடுருவலாம்” என்கிறது. ஆனால் 8 நனோமீற்றர் மெலிதே அல்ல. இலத்திரனுக்கு அது கோட்டை மதில்.

தந்திரம் இங்கேதான் இருக்கிறது. எழுத வேண்டிய நேரத்தில் அறையின் மேல்பக்கம் 20 வோல்ட்டு அளவில் கொடுக்கிறார்கள். அதில் ஒரு பங்கு கீழ்ச்சுவரில் விழுந்து, அங்கே நனோமீற்றருக்கு ஒரு வோல்ட்டு என்ற கணக்கில் மின்புலம் உண்டாகிறது. ஒட்சைட்டு மதிலின் உயரம், இலத்திரனின் கணக்கில், 3 வோல்ட்டுக்குச் சற்றுக் கூட. நிமிர்ந்து நின்ற மதிலை மின்புலம் சாய்த்துவிடுகிறது. நனோமீற்றருக்கு ஒரு வோல்ட்டு வீதம் சாய்ந்த மதில் மூன்று நனோமீற்றர் போவதற்குள் இலத்திரனின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஆக இலத்திரன் ஊடுருவ வேண்டிய தூரம் 8 அல்ல, 3தான். ஊடுருவும் வாய்ப்பு, தடிப்புக் குறையக் குறையப் படிப்படியாகக் கூடுவதில்லை, பலமடங்காக எகிறும். 3 நனோமீற்றருக்கு இலத்திரன்கள் சாரை சாரையாக உள்ளே போகின்றன. வோல்ட்டை எடுத்ததும் மதில் மறுபடி நிமிர்ந்து நிற்கும், உள்ளே போனவை உள்ளேயே. மின்சாரம் போனாலும், லப்டொப்பை மாதக்கணக்கில் மூடி வைத்தாலும் கோப்பு இருப்பது இதனால்தான்.

வலிய மின்புலம் இலத்திரனை இப்படி இழுத்தெடுப்பதற்கான கணக்கைப் பௌதிக ஆய்வாளர்கள் ஃபவுலரும் நோர்தைமும் வெளியிட்டது 1928இல். அவர்கள் யோசித்தது உலோகத்திலிருந்து இலத்திரன் எப்படி வெளியேறுகிறது என்பதைத்தான், கணினியை அல்ல. “இந்த ஆராய்ச்சியால் நாட்டுக்கு என்ன பயன்?” என்று கேட்டுவிட்டுத்தான் காசு ஒதுக்குவோம் என்பவர்கள் அந்தத் தாளை அன்றைக்கே குப்பைக்குள் போட்டிருப்பார்கள். இந்த அறைகளால் ஆன ஃபிளாஷ் சில்லை உருவாக்கிய, தொஷிபா கம்பனியின் ஃபுஜியோ மசுவோக்காவும் தன் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கைக் கேட்டு வழக்குப் போட்டே 2006இல் இணக்கத்துக்கு வர வேண்டியிருந்தது.

விலை மலிவதன் இரகசியமும் அந்த அறையில்தான். முதலில் இலத்திரன் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தார்கள், ஓர் அறைக்கு ஒரு பிட். இன்று கடைகளில் கிடைக்கும் டி.எல்.சி வகையில் ஓர் அறைக்கு 3 பிட், அதாவது இலத்திரன் அளவில் 8 மட்டம். கியூ.எல்.சி என்றால் 16. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் கொஞ்சம் கொஞ்சம் சூட்டில் வித்தியாசப்படும். கண்ணைக் கட்டிவிட்டு, கையை விட்டு, இது எந்தக் கிணறு என்று சொல்லச் சொன்னால் எப்படி? டி.எல்.சியை வாசிப்பது அப்படித்தான். கொஞ்சம் இலத்திரன் கசிந்தாலே பக்கத்து மட்டம் போலத் தெரியும். அதைத் திருத்திக்கொண்டே இருப்பது எஸ்.எஸ்.டியின் கொன்ட்ரோலர் சில்லு. மதிலைச் சாய்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒட்சைட்டில் சிறு காயம் விழும். ஆகவே எழுதும் தடவைக்கு எல்லை உண்டு. பயப்பட வேண்டாம். சாதாரண 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி ஒன்றுக்குக் கொடுக்கப்படும் 80 டெராபைட் எல்லையை, நாளுக்கு 20 ஜி.பி. வீதம் எழுதினாலும் முடிக்கப் பதினொரு வருடம் பிடிக்கும்.

எஸ்.எஸ்.டியை ‘டிஃப்ராக்’ செய்யும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஊசி நகராத இடத்தில் கோப்பை வரிசையாக அடுக்கி ஒரு இலாபமும் இல்லை, காயம்தான் மிச்சம். புதுக் கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் ஆட்சேபம் இல்லை, காற்றுப் போகும் துவாரத்தில் அப்பாவிட்டால் சரி. ‘வேகம் கூட்டும்’ மென்பொருள்கள்தான் மோசமான மூடநம்பிக்கை. குங்குமம் பின்னணியில் ஓடி ராமைத் தின்பதில்லை.

எஸ்.எஸ்.டியை முட்ட முட்ட நிரப்பக் கூடாது. ஃபிளாஷில் ஓரெழுத்தை மட்டும் அழிக்க வழியில்லை, பல அறைகள் சேர்ந்த ஒரு பலகை முழுவதையும் துடைத்துத்தான் திருப்பி எழுத வேண்டும். துடைத்து வைக்க வெற்றுப் பலகை இல்லாவிட்டால் எழுதும் வேகம் படுத்துவிடும். ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். பெயர் தெரியாத 2 டெராபைட் ஒன்று வழக்கமான விலையில் கால்வாசிக்குக் கிடைத்தால் அது பெரும்பாலும் போலி. உள்ளே சிறிய சில்லு, ‘நான் பெரிசு’ என்று பொய் சொல்லும் கொன்ட்ரோலர். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதித் திருப்பி வாசித்தால் பொய் வெளிக்கும். வாங்குமுன் லப்டொப்பின் பின்மூடியைத் திறந்து, உள்ளே எந்த வகை பொருந்தும் என்று பாருங்கள். எம்.2 என்ற ஒடுங்கிய அட்டை வடிவ எஸ்.எஸ்.டியில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா (பழைய, மெதுவான இணைப்பு), ஒரு வெட்டு என்றால் பெரும்பாலும் என்.வி.எம்.இ (புதிய, வேகமான இணைப்பு). மாறி வாங்கினால் சில இயந்திரங்களில் ஏறாது, சிலவற்றில் ஏறியும் வேலை செய்யாது.

ராம் 8 ஜி.பி. போதும், ஆனால் ஒற்றை 8ஐ விட இரண்டு 4 நல்லது. டி.டி.ஆர்4-2400 ரக ராமில் ஒரு வழிக்குச் செக்கனுக்கு 19.2 ஜி.பி. போகும், இரண்டு அட்டை போட்டு இரண்டு வழி திறந்தால் 38.4. தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத கணினியில் இது நன்றாகத் தெரியும்.

திருகோணமலையில் பாவித்ததை வாங்கும்போது டோர்ச் ஒன்றும் கொண்டுபோங்கள். யூ.எஸ்.பி வாய்களுக்குள்ளும் திருகாணித் தலைகளிலும் அடித்துப் பாருங்கள். பச்சைக் களிம்போ வெள்ளைப் படிவோ இருந்தால் அந்த இயந்திரம் கடற்காற்றில் கிடந்தது. உள்ளே மதர்போர்டும் அப்படித்தான் இருக்கும், விலை பேச வேண்டாம். லப்டொப் என்றால் பற்றரி அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள். அதில் புதிதில் இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் இருக்கும். இரண்டாவது முதலாவதின் பாதிக்குக் கீழ் என்றால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். சின்ன அலுவலக டெஸ்க்டொப்புகளின் பவர் சப்ளை கம்பனிக்குக் கம்பனி வேறு அளவு. எரிந்தால் சாதாரணக் கடையில் கிடைக்கும் சப்ளை பொருந்தாது. கொழும்பில் வாங்கினால் சில ஆயிரம் மிச்சம் வரலாம், ஆனால் வாரண்டிக்கு மறுபடி 260 கிலோமீற்றர் போய்வரும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

உப்புவெளி வாசகரின் மகள் விடுதிக்கும் வீட்டுக்கும் போய்வரப் போகிறவர், ஆகவே லப்டொப். கரண்ட் போனால் அதற்குச் சொந்தப் பற்றரி இருக்கிறது. டெஸ்க்டொப்புக்கு 650 வீ.ஏ யூ.பி.எஸ் வாங்கினாலும் அதன் 12 வோல்ட்டு 7 அம்பியர்-மணி பற்றரி திரையோடு சேர்த்துக் கால் மணித்தியாலம் தாங்கினால் பெரிய விஷயம். பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டில் ஒன்றைப் பங்கிடுவது என்றால் டெஸ்க்டொப்தான்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை எறிந்துவிடாதீர்கள். நிமிர்ந்த மதிலுக்குள்ளிருந்தும் இலத்திரன் மெல்லக் கசியும், வெயில் ஏற ஏற இன்னும் கெதியாக. எழுதித் தேய்ந்து எல்லையைத் தொட்ட எஸ்.எஸ்.டி, மின்சாரம் இல்லாமல் 30 பாகையில் ஒரு வருடம் தரவைக் காத்தால் போதும் என்பதுதான் கைத்தொழில் நியமம். அலுமாரிக்குள் வருடக்கணக்கில் பூட்டி வைக்கும் கல்யாணப் படங்களுக்கு அந்தப் பழைய சுற்றும் டிஸ்க்தான் தோது. சில நூறு ரூபாவுக்கு யூ.எஸ்.பி கூடு ஒன்று வாங்கி அதற்குள் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருக்கால் சுற்றவிட்டுப் பாருங்கள்.