பூனைக்கு எந்தப் பக்கம் வாசல்?

கதவின் அடிப்பாகத்தில் துளை போட்டு, முன்னும் பின்னும் ஆடும் சிறு மடலைப் பொருத்தினால் அதுதான் பூனைக் கதவு. துளை போட வசதியான இடத்தைத்தான் பெரும்பாலும் முதலில் தேடுகிறோம். பூனையின் கண்ணாலும் மூக்காலும் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது என்பேன்.

எலியை வேட்டையாடும் பூனை, தன்னைவிடப் பெரிய விலங்குக்கு இரையாகவும் கூடும். அதனால்தான் வாசலில் நின்று, மோப்பம் பிடித்து, காதைத் திருப்பிக் கேட்டுவிட்டே காலெடுத்து வைக்கிறது. மடலுக்குள் தலையை நுழைக்கும் நொடியில் அக்கம்பக்கம் எதுவும் தெரியாது. வெளியே வெட்டவெளியாக இருந்தால் பல பூனைகள் தயங்கி நின்றுவிடும். பக்கத்தில் செடித்தொட்டியோ புதரோ இருந்தால் வெளியேறியதும் ஒதுங்கி நின்று நோட்டம் விடலாம்.

உள்பக்கம் இன்னும் முக்கியம். கன்னத்திலுள்ள சுரப்பிகளால் கதவோரம், மேசைக்கால் என்று தேய்த்துத் தேய்த்துப் பூனை தன் மணத்தைப் பதிக்கிறது. வீடு அதன் எல்லை. அந்த எல்லையில் நாம் ஓட்டை போடுகிறோம். அந்நியப் பூனை ஒருமுறை நுழைந்துவிட்டால், நம் பூனை கதவருகே சிறுநீரைப் பீய்ச்சத் தொடங்கலாம். அதைச் சேட்டை என்று திட்டுவது எனக்கு வருத்தம் தரும். பயந்துபோன உயிர் தன் எல்லையை மீண்டும் உறுதிசெய்கிறது, அவ்வளவுதான். சாப்பாட்டுக் கிண்ணமும் மணல்தட்டும் இந்த வாசலிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

அந்நியப் பூனை நுழையாமலிருக்க, நம் பூனையின் தோலுக்கடியில் அடையாளத்துக்காகப் பொருத்திய மைக்ரோசிப்பைப் படித்துத் திறக்கும் கதவுகளும் உண்டு. அரிசிமணி அளவுள்ள அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது. கதவிலுள்ள கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, தன் எண்ணைச் சொல்லும். பரவலாகப் பயன்படும் வகையில் அலையின் அதிர்வெண் 134.2 கிலோஹெர்ட்ஸ், எண்ணுக்கு 15 இலக்கம். இரும்புக் கதவில் பொருத்தினால் உலோகம் அந்த அலையைக் குலைக்கும். மரக்கதவில் சிக்கல் குறைவு.

உயரத்துக்குப் பூனையையே அளந்துவிடுங்கள். துளையின் கீழ்விளிம்பு அதன் வயிற்று மட்டத்தை ஒட்டி வரவேண்டும். வயதான பூனைக்குச் சற்றுத் தாழ்வாக வைக்கலாம். வெளித்தரை பள்ளமாக இருந்தால் அங்கே ஒரு படி தேவை.

கண்ணாடிக் கதவா? கடினமாக்கப்பட்ட கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துத் தயாரிக்கிறார்கள். அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும். துளையிட்டால் மொத்தமும் நொறுங்கிவிடும். துளையோடு புதிதாகச் செய்யச் சொல்லுவதே வழி. தீத்தடுப்புக் கதவில் கைவைக்கவே கூடாது. வெளியிலிருந்து யாராவது துளை வழியாகக் கையை நுழைத்தால் தாழ்ப்பாள் எட்டுமா என்றும் பாருங்கள்.

பூனைகள் விடியலிலும் அந்தியிலும் அதிகம் நடமாடும். ரம்பத்தை எடுக்கும் முன் நாலைந்து நாள் அந்த நேரங்களில் கவனியுங்கள்: வெளியே விடச் சொல்லி அது எந்தக் கதவடியில் போய் உட்கார்கிறது என்று.