அந்த நாலு அங்குலத்தை வெட்ட மாட்டேன்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். சுருட்டிக் கொண்டுவந்த ஆஸ்திரேலியப் பழங்குடிப் புள்ளி ஓவியக் கேன்வாஸை மேசைமேல் விரித்துவிட்டு, "சோபாவுக்கு மேல இடம் பத்தலைண்ணா. ஓரத்துல ஒரு நாலு அங்குலம் வெட்டிட்டு ஃப்ரேம் போட்டுக் குடுங்க. வெறும் புள்ளிதானே" என்றார். மெல்போர்னில் ஃப்ரேம் கடை வைத்துப் பதினாறு வருடம் ஆகிறது. மாட்டேன் என்றால் கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. போகட்டும்.

நம்மவர்கள் தவறாமல் சொல்லும் இன்னொன்று: "நம்ம புள்ளிக்கோலம் மாதிரிதானே?" இல்லைங்க. பக்கத்து வீட்டுக் கோலத்தைப் பார்த்து நம் வாசலில் போட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் கதை வேறு. வட்டத்துக்குள் வட்டம் ஒரு நீர்ச்சுனையாக இருக்கலாம், தங்கிய இடமாக இருக்கலாம். அவற்றை இணைக்கும் கோடு முன்னோர் நடந்த வழி. லாடம் போன்ற வடிவம், மணலில் உட்கார்ந்து எழுந்தவர் விட்டுப்போன தடம். அந்தச் சுனையை வரையும் உரிமை பிறப்பாலும் உறவாலும் வருவது. எவ்வளவு கை தேர்ந்த ஓவியரானாலும் அடுத்தவர் நிலத்தின் கதையை அனுமதி இல்லாமல் வரையக் கூடாது.

அப்புறம் அந்தப் புள்ளிகள். 1971இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே இருக்கும் பப்புன்யாவில், ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் ஊக்கம் தர, ஊர்ப் பெரியவர்கள் தேனெறும்புக் கதையைப் பள்ளிச் சுவரில் வரைந்தார்கள். பிறகு பலகைகளில் வரைந்தவை வெளியாள் கைக்குப் போனபோது, சடங்குக்குரியதையெல்லாம் காட்டுகிறீர்களே என்று சொந்த மக்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. புள்ளிகள் அடர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் 'வெறும் புள்ளி' என்பது பல ஓவியங்களில் அந்தச் சடங்குக்குரியதை மறைக்கும் திரை.

நிலத்துக்கும் ஓவியத்துக்கும் அப்படி என்ன தொடர்பு என்பவர்களுக்கு: 1997இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஙுர்ராரா மக்கள் தங்கள் நில உரிமை விசாரணைக்கு 10 மீட்டருக்கு 8 மீட்டரில் ஓர் ஓவியத்தைக் கொண்டுவந்தார்கள். அதைத் தரையில் விரித்து, அவரவர் தன் நிலம் இருக்கும் பகுதிமேல் நின்று, தன் மொழியில் சாட்சி சொன்னார்கள். 2007இல் உரிமை கிடைத்தது. அதிலும் ஓரத்தில் நாலு அங்குலம் வெட்டியிருக்கலாமா?

வாங்குகிறவர்களே, தயவுசெய்து ஓவியர் பெயரையும் ஊரையும் கேளுங்கள். 'பழங்குடிக் கலை' என்று மட்டும் ஒட்டியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் மற்ற பொருள்களையும் பழங்குடியினர் கைவேலை என்று நம்பும்படி விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. விற்ற பொருள்கள் 18,000க்கும் மேல்! பழங்குடிச் சமூகங்களே நடத்தும் கலை மையங்களில் வாங்கினால் சான்றிதழ் தருவார்கள். அதைக் குப்பையில் போடாதீர்கள். வர்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள், மடிக்கவே மடிக்காதீர்கள். எது மேல்பக்கம் என்று என்னிடம் கேட்காதீர்கள். தரையில் விரித்து நாலு பக்கமும் உட்கார்ந்து வரைந்த பலவற்றுக்கு மேலும் கீழும் கிடையாது.

அவருடைய கேன்வாஸைத் திருப்பிப் பார்த்தேன். ஓவியர் பெயரும் கலை மையத்தின் பதிவு எண்ணும் பின்பக்கம் எழுதியிருந்தன, வெட்டச் சொன்ன அதே ஓரத்தில். இன்னும் கடையில்தான் இருக்கிறது. வேறு சுவர் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.