14 மணி நேரப் பகலுக்குக் காத்திருந்த வெங்காயம்

பென்னாகரத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். இணையம் வழியாக வரவழைத்த வெளிநாட்டுப் பெரிய வெங்காய விதையைக் கார்த்திகையில் நாற்றுவிட்டுத் தையில் பிடுங்கி நட்டிருக்கிறார். பங்குனி முடியப்போகிறது, தாள் முழங்கால் உயரத்துக்குச் செழித்து நிற்கிறது, ஆனால் பிடுங்கிப் பார்த்தால் அடியில் விரல் பருமனுக்கு வெள்ளைத் தண்டைத் தவிர ஒன்றுமில்லை. அதே பாத்தியின் ஓரத்தில் அவருடைய மனைவி ஊன்றிய சின்ன வெங்காயமோ 70 நாளில் கொத்தாகக் காய் திரண்டு சாம்பாருக்கும் போய்விட்டது. அமாவாசையன்று நட்டதுதான் குற்றம் என்கிறாராம் பக்கத்துத் தோட்டக்காரர்.

மண், தண்ணீர், எரு மூன்றிலும் குறையில்லை என்பதற்குச் செழித்த தாளே சாட்சி. குறை இருந்தது பகலில்.

வெங்காயம் என்று நாம் நறுக்குவது வேரும் அல்ல, காயும் அல்ல, இலைகளின் அடிப்பகுதி. ஒரு பெரிய வெங்காயத்தை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வேர் முளைக்கும் அடித்தட்டுதான் உண்மையான தண்டு. அது ஒரு பொத்தான் அளவே இருக்கும். அதன் மேல் அடுக்கடுக்காக அமர்ந்திருப்பவை இலையடிகள். வெளி அடுக்குகள் ஒவ்வொன்றும் மேலே கழுத்துவரை நீண்டு முடிவதைக் காணலாம். ஒரு காலத்தில் அவற்றின் உச்சியில் பச்சைத் தாள் இருந்தது. உள்ளே போகப் போகச் சில அடுக்குகள் கழுத்தை எட்டாமலேயே மூடிக்கொண்டிருக்கும். தாளே விடாமல், சேமிப்பதற்கென்றே பிறந்த இலைகள் அவை. ஆக, தாள் விட்டுக்கொண்டிருந்த செடி ஏதோ ஒரு நாளில் ‘இனித் தாள் வேண்டாம், கிடங்கு கட்டுவோம்’ என்று முடிவெடுக்கிறது. அந்த நாளை அது எப்படி அறிகிறது என்பதில்தான் எனக்குத் தீராத வியப்பு.

செடிகள் பகலின் நீளத்தை உணர்கின்றன என்பதை 1920-இல் அமெரிக்க வேளாண்துறையைச் சேர்ந்த கார்னரும் அலார்டும் புகையிலையையும் சோயாவையும் வைத்து நிறுவினார்கள். வெங்காயத்தில் இந்த உணர்வு இலையில் இருக்கிறது. பருப்பதோ மண்ணோடு ஒட்டிய இலையடி. இடையே தூது போக ஒன்று வேண்டும். நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் தூதுக்குரிய மரபணுக்களை அடையாளம் காட்டியது. மற்றச் செடிகளில் பூக்கச் சொல்லும் எஃப்டி குடும்பத்தைச் சேர்ந்தவை அவை. அவற்றுள் ஒன்று கிடங்கு கட்டத் தூண்டுகிறது. இன்னொன்று அதைத் தடுத்து வைக்கிறது. பகல் குறுகியிருக்கும்வரை தடுப்பதன் கை ஓங்கியிருக்கும். பகல் ஓர் எல்லையைத் தாண்டி நீண்டதும் அது அடங்க, தூண்டுவது எழுகிறது. பூவுக்கென்று இருந்த ஏற்பாட்டை வெங்காயம் கிடங்குக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்த எல்லை எது என்பது இரகத்துக்கு இரகம் மாறும். நம் நாட்டு இரகங்களுக்கு 11 முதல் 12 மணி நேரப் பகலே போதும். இவற்றைக் குறும்பகல் வெங்காயம் என்பார்கள். அந்தப் பெயர் சற்று ஏமாற்றும், ஏனெனில் இவையும் பகல் நீள்வதைத்தான் கேட்கின்றன, குறைவாகக் கேட்கின்றன, அவ்வளவே. ஐரோப்பாவின் நெடும்பகல் இரகங்கள் 14 மணி நேரத்துக்குக் குறைந்த பகலை மதிப்பதே இல்லை. நெதர்லாந்தில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்தையும் தாண்டும். பென்னாகரம் இருக்கும் தருமபுரி மாவட்டமோ 12 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. இங்கே மார்கழிப் பகல் சுமார் 11 மணி 25 நிமிடம், ஆண்டின் மிக நீண்ட பகலும் 12 மணி 50 நிமிடம்தான். ஆசிரியர் வீட்டு வெங்காயம் நம் ஊரில் விடியவே விடியாத ஒரு பகலுக்காகத் தாள் விட்டுக்கொண்டே காத்திருந்தது.

அமாவாசைக்கு இதில் பங்கில்லை. முழுநிலவின் ஒளியே உச்சி வெயிலில் ஏறத்தாழ 4 லட்சத்தில் ஒரு பங்கு. அதுவும் இல்லாத இரவு செடிக்கு என்ன கெடுதல் செய்துவிடும்? பஞ்சாங்கத்தின் மேல் பழிபோடுவதில் எனக்குள்ள வருத்தம், அது உண்மையான கேள்வியை மறைத்துவிடுகிறது என்பதே. பொட்டலத்தின் மேல் பளபளக்கும் படம் அச்சிடுகிறவர்கள் ‘எத்தனை மணி நேரப் பகல் வேண்டும்’ என்ற ஒரு வரியை ஏன் அச்சிடுவதில்லை? மேற்சொன்ன மரபணு ஆய்வு நியூசிலாந்தில் நடந்தது, அவர்கள் வெங்காயம் ஏற்றுமதி செய்கிறவர்கள். நம் சின்ன வெங்காயத்தை இதே நுணுக்கத்தோடு நாம்தான் ஆராய வேண்டும். அதற்குச் செலவிடும் பணம் வீண்செலவு அல்ல என்பது என் கருத்து.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, சிவப்புக்கு அடுத்து நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளியைக் கடத்திவிடுவதால், நெருக்கி நட்ட பாத்தியில் தொலைசிவப்பின் பங்கு கூடி, வெங்காயம் முன்கூட்டியே திரளத் தொடங்கும். நாலைந்து தாளோடு திரண்டால் அடுக்குகள் குறைந்து வெங்காயம் சிறுத்துவிடும். ஆகவே 10 சென்டிமீட்டர் இடைவெளியாவது விடுங்கள். திரளும் பருவத்தில் தழைச்சத்தை நிறுத்திவிடுவதும் நல்லது.

அறுவடைக்கு நாள் எண்ண வேண்டியதில்லை. தாளில்லா இலைகள் உள்ளே பிறக்கத் தொடங்கியபின் கழுத்துக்குள் புதிய தாள் ஏறுவதில்லை. கழுத்து உள்ளீடற்றுத் துவண்டு, பச்சையாக இருக்கும்போதே ஒரு நாள் மடங்கிச் சாயும். பாதிச் செடிகள் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தலாம்.

ஆனிவரை விட்டுவைத்தால் திரளுமா என்றும் ஆசிரியர் கேட்டிருந்தார். ஆனியிலும் பகல் 13 மணி நேரத்தை எட்டாது. தாளை அறுத்து முட்டைப் பொரியலில் போடுங்கள். பாத்தியைக் கிளறி, வைகாசியில் சின்ன வெங்காயம் ஊன்றுங்கள்.