ரீங்காரத்துக்குத் திறக்கும் பூ

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செண்டுடுக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செம்பனை நிரைகளுக்கு நடுவிலும் லயத்துக்குப் பின்னாலும் தானாக முளைக்கும் ஊதாப்பூச் செடி. பழம் வெடித்ததும் உள்ளிருக்கும் கருநீலச் சதையைத் தின்றுவிட்டு, யார் நாக்கு அதிகக் கறுப்பு என்று நீட்டிக் காட்டுவோம். அந்தக் கறைதான் அதற்கு அறிவியல் பெயரும் வாங்கித் தந்தது. மெலாஸ்டோமா என்றால் கிரேக்கத்தில் கறுப்பு வாய்.

டவுனுக்குக் குடிவந்த பிறகு வீட்டு முன்னால் ஒன்றை நட்டேன். தோட்டத்து வெளிக்காட்டில் பல வருடம் களைக்கு மருந்தடித்த அம்மா சும்மா இருப்பாரா? "நான் கொன்னதுக்கு நீ தண்ணி ஊத்துறியா?"

ஒரு நாள் காலை அந்தப் பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஐந்து இதழ், பத்து மகரந்தத் தாள். அவற்றில் ஐந்து குட்டையாக, பளிச்சென்ற மஞ்சள். மற்ற ஐந்து நீளமாக வளைந்து, இதழின் ஊதா நிறத்திலேயே மறைந்திருக்கும். தேன் ஒரு சொட்டும் கிடையாது. மகரந்தமும் வெளியே தெரியாது. ஒவ்வொரு தாளின் முனையிலிருக்கும் பையும் மூடிய குழாய் மாதிரி. நுனியில் மட்டும் ஒரு சிறு துளை. உப்பு டப்பாவைக் குலுக்கினால்தானே உப்பு விழும்? இதுவும் அப்படித்தான்.

குலுக்க வருவது கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ. பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் வினாடிக்குச் சில நூறு தடவை அதிர வைக்கும். பறக்கும்போது கேட்பதைவிடக் கீச்சென்ற ரீங்காரம் எழும். துளை வழியே தூள் சிதறும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

சரி, தாள் எதற்கு இரண்டு வகை? 1860களில் டார்வின் இந்தக் குடும்பத்துப் பூக்களை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டார். 1880களில் இயற்கையியலாளர்களான முல்லர் சகோதரர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள்: மஞ்சள் தாள் வண்டுக்குச் சாப்பாடு, ஊதாத் தாள் செடியின் சொந்த வேலைக்கு. வண்டு மஞ்சளைப் பார்த்து அதைப் பிடித்துக் குலுக்கும்போது, கண்ணில் படாத நீளத் தாள் அதன் உடம்பில், காலால் எளிதில் துடைக்க முடியாத இடத்தில் மகரந்தத்தைப் பூசிவிடுகிறது. அடுத்த பூவில் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்முடி உரசுவதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். கூலியை ஒரு கையால் கொடுத்து, மூட்டையை மறு கையால் முதுகில் ஏற்றும் தந்திரம்!

மண் விஷயத்தில் நான் முட்டாள்தனம் செய்தேன். கத்தரிக்குப் போடுவதுபோல் இதற்கும் சுண்ணாம்பு போட, இலை வெளுத்துப் போனது. நம் ஊர் மழை மண்ணின் கால்சியத்தையெல்லாம் அரித்துவிடும். மண் அமிலமாகிப் புளித்துப்போய், அதிலுள்ள அலுமினியம் கரைந்து பல செடிகளின் வேர்நுனியைக் கெடுக்கும். செண்டுடுக் அதையே உறிஞ்சிக்கொள்ளும். எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலத்தோடு சேர்த்து மேலே அனுப்பி, இலையில் ஆக்சலிக் அமிலத்தோடு கட்டி அடக்கிவைக்கும். 1 கிலோ காய்ந்த இலையில் 10 கிராமுக்கு மேல்கூட அலுமினியம் இருக்கும். பெரும்பாலான செடிகளில் 1 கிராம்கூடத் தேறாது. அலுமினியம் இருந்தால் இது இன்னும் நன்றாக வளர்கிறது என்பதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

ஆக, வளர்ப்பது சுலபம். சுண்ணாம்பு, சாம்பல் வேண்டாம். நல்ல வெயில் வேண்டும். விதை தூள் மாதிரி இருப்பதால் மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவினால் போதும். ஒரு பூ ஒரு நாள்தான். ஆனால் வருடம் முழுக்கப் பூக்கும். ஆளுயரத்தைத் தாண்டினால் வெட்டிவிடுங்கள்.

வண்டுக்குக் காய்ந்த மரமும் வேண்டும், துளை போட்டுக் குடியிருக்க. எங்கள் வேலிக் கம்பத்தில் இரண்டு துளை இருக்கிறது. கத்தரிப்பூவின் மகரந்தப் பையிலும் நுனியில்தான் துளை என்று அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. அந்தத் துளைகளை அடைக்க எடுத்துவைத்திருந்த சவர்க்காரத் துண்டு மட்டும் குளியலறைக்கே திரும்பிப் போயிருந்தது.