கோழி அடை கிடக்கிறதா, முட்டை அடைத்திருக்கிறதா?

"ரெண்டு நாளா அடை கெடக்கு டாக்டரே, தீனி எடுக்கல." குமரி மாவட்டத்தில் வீட்டுக்கோழியைத் தூக்கி வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. தொட்டுப் பார்த்தால் சிலவற்றுக்கு முட்டை உள்ளேயே சிக்கியிருக்கும். அடை என்று விட்டுவைத்த அந்த இரண்டு நாள்தான் பல கோழிகளின் உயிரை வாங்குகிறது.

அடைக்கோழி கை நீட்டினால் சிறகை உப்பிக் கொத்த வரும். நாளில் ஒரு தடவையாவது இறங்கி, அவசரமாகத் தின்று, பெரிதாக நாறும் எச்சம் போட்டுவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்ளும். முட்டை அடைத்த கோழிக்கு அந்த வீறாப்பெல்லாம் கிடையாது. கண் பாதி மூடி, ரோமம் சிலிர்த்து நிற்கும். வால் மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் ஆடும். முக்கும்; எச்சம் சரியாகப் போகாது. பின்புறத் துவாரத்துக்குக் கீழே அடிவயிற்றை இரு விரலால் மெல்லத் தடவினால் முட்டை கெட்டியாகத் தட்டுப்படலாம். தட்டுப்படாவிட்டால் முட்டை இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஓடு கெட்டிப்படாத தோல் முட்டை விரலுக்குப் பிடிபடாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் கோழியின் அடிவயிறு நனையும்படி 15, 20 நிமிடம் நிறுத்துங்கள். துடைத்து, துவாரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான, சூடான பெட்டியில் தனியாக விடுங்கள். சில மணி நேரத்தில் இடவில்லையென்றால் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். வயிற்றை அமுக்கிப் பிதுக்குவதும், உள்ளேயே முட்டையை உடைப்பதும் ஆபத்து. ஓடு கிழித்தால் சீழ் பிடிக்கும். சிவந்த சதை வெளியே தள்ளியிருந்தால் உடனே தனியே அடையுங்கள். மற்றக் கோழிகள் அதைக் கொத்தியே கொன்றுவிடும்.

முதல் முட்டையிடும் பெட்டைக்கும், கொழுத்த கோழிக்கும், பெரிய முட்டைக்கும் இந்தச் சிக்கல் வரும். ஆனால் நம் ஊரில் நான் முதலில் கேட்பது தீனியைப் பற்றித்தான். மிச்சச் சோறு, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), கொஞ்சம் தேங்காய்ப் பிண்ணாக்கு. வயிறு நிறையும், கொழுப்பும் ஏறும். சுண்ணாம்புச் சத்து மட்டும் இராது. ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. அது குறைந்தால் ஓடு மெலியும், முட்டையை வெளியே தள்ளும் தசையும் சோர்ந்துபோகும். கறிக்கோழித் தீவனமும் இதற்கு உதவாது: அதில் கால்சியம் ஏறத்தாழ 1 சதவீதம், முட்டைக்கோழிக்கு வேண்டியது 3.5 முதல் 4 சதவீதம்.

குளச்சல், கடியப்பட்டணம் பக்கம் தின்றுவிட்டு எறியும் சிப்பி ஓடே போதும். கழுவிக் காயவைத்து, பொடியாக்காமல் நொய் போலக் குறுணையாக இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி இரவில். குறுணை இரைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். வேண்டிய கோழி தானே கொத்திக்கொள்ளும்; குஞ்சுகளுக்கு மட்டும் எட்டாமல் வையுங்கள், அவற்றின் சிறுநீரகத்துக்கு ஆகாது. வெற்றிலைச் சுண்ணாம்பை வாயில் தடவாதீர்கள், வெந்துவிடும்.

ரப்பர் நிழலில் கூடு கட்டியவர்கள் மழை ஓய்ந்த நேரத்திலாவது கோழியை வெயிலில் திறந்து விடுங்கள். வெயில் படாவிட்டால் வைட்டமின் டி குறையும். தின்ற சிப்பியும் உடம்பில் ஒட்டாது. தோல் முட்டை விழுந்தால் சகுனம் பார்க்க வேண்டாம், சட்டியில் சிப்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே சமயத்தில் பல கோழிகள் சுருங்கிய முட்டை இட்டு, தும்மலோ பச்சைக் கழிச்சலோ இருந்தால் கதை வேறு. அது தொற்றுநோயாக இருக்கலாம். கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி ஊற்றாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து கொடுத்தால் முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.